இரண்டு விமான நிலையங்கள்: தூரம் ஒன்று, நேரம் பல

தொலைதூரத்தில் இருக்கும் இரண்டு விமான நிலையங்களின் பெயர்களை இணையத்தில் தேடினால் இரண்டு எண்கள் வந்து நிற்கும். ஒன்று தூரம், மற்றொன்று பயண நேரம். டோக்கியோ ஹனேடாவுக்கும் நியூயார்க் ஜேஎஃப்கேவுக்கும் தேடினால் சுமார் 10,900 கிலோமீட்டர், ஏறக்குறைய 13 மணி நேரம் என்று வரும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பிவிடுகிறோம். அப்படி நம்பக் கூடாது. தூரம் என்பது பூமியின் வடிவத்திலிருந்து கணக்குப் போட்டு எடுத்தது. ஓடுபாதைகள் இடம் மாறாதவரை அதுவும் மாறாது. நேரம் அப்படியல்ல. அன்றைக்கு வீசும் காற்று, எந்த நாடு தன் வான்வெளியைத் திறந்து வைத்திருக்கிறது, விமானத்துக்கு எத்தனை எஞ்சின், எந்த மாதம் பறக்கிறோம் என்று பல விஷயங்கள் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே போட்டிருக்கும் தூரத்தை அப்படியே பறந்து முடிக்கும் விமானம் அநேகமாகக் கிடையாது. அந்த எண் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கக்கூடிய மிகக் குறைந்த தூரம். விமானம் பறக்கும் தூரம் எப்போதும் அதைவிடச் சற்றுக் கூடுதல், சில சமயம் மிகவும் கூடுதல். ஏன் என்று புரிந்துகொண்டால், டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

வரைபடம் சொல்லாத நேர்கோடு

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே அளவுகோல் வைத்துக் கோடு போட்டால், அது பசிபிக் பெருங்கடலைக் குறுக்கே கடந்து சான்பிரான்சிஸ்கோ பக்கமாக அமெரிக்காவுக்குள் நுழையும். இரண்டு நகரங்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைப் பகுதியில் இருக்கின்றன: ஒன்று 35 டிகிரிக்கு மேல், மற்றொன்று 40 டிகிரிக்கு மேல். ஆகவே கிழக்கே பார்த்து நேராகப் போனால் போதும் என்றுதான் தோன்றும். அந்த வழியில் போனால் 12,800 கிலோமீட்டருக்கும் மேல் ஆகும்.

இப்போது ஓர் உலக உருண்டையை எடுத்து, அதே இரண்டு ஊர்களின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே நகரும். டோக்கியோவிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, அலாஸ்காவின் வட கரையோரம் ஏறக்குறைய 70 டிகிரி அட்சரேகை வரை ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் புகுந்து வெளிவந்து, கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கும். கிளம்பும்போது திசை கிழக்கு அல்ல, வடக்கிலிருந்து 25 டிகிரிதான் கிழக்கே சாய்ந்திருக்கும். இந்த வழியின் நீளம்தான் அந்த 10,900 கிலோமீட்டர். அளவுகோல் கோட்டைவிட 1,900 கிலோமீட்டர் குறைவு. விமானக் கணக்கில் சொன்னால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான மிச்சம்.

இந்த நூல் வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையத்தையும் இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு பூமியை இரண்டு சம பாதிகளாக வெட்டினால், வெட்டின விளிம்புதான் பெருவட்டம். அளவுகோல் ஏமாற்றியதற்குக் காரணம் வரைபடம். நாம் அதிகம் பார்க்கும் உலக வரைபட முறை 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் கடலோடிகளுக்காகப் போட்டது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போகும் வழி அதில் நேர்கோடாகத் தெரியும். கப்பலுக்கு அது பெரிய வசதி. ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பெல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடும், குறுக்கு வழிகள் வளைந்து சுற்றுவது போலத் தோன்றும். இருக்கைத் திரையில் விமானம் ஏன் இப்படி வில் போல வளைந்து போகிறது என்று யோசிப்பவர்களுக்கு ஒரே பதில்தான்: அது வளையவில்லை, திரையில் இருக்கும் வரைபடம்தான் வளைக்கிறது.

கணக்கும் கடினமில்லை. இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரண்டுக்கும் நடுவே எவ்வளவு கோணம் என்று முக்கோணவியல் சூத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம். டோக்கியோ – நியூயார்க் கோணம் கிட்டத்தட்ட 98 டிகிரி. ஒரு டிகிரியை 60 பாகமாக்கினால், பூமிப் பரப்பில் ஒவ்வொரு பாகமும் ஏறத்தாழ ஒரு கடல் மைல். விமானிகளும் கப்பல்காரர்களும் இன்றுவரை கடல் மைலை விடாமல் வைத்திருப்பதற்கு இந்த வசதிதான் காரணம். 98 டிகிரி என்றால் 5,880 கடல் மைல். கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் சுமார் 10,890 கிலோமீட்டர் வந்துவிடும்.

பூமி முழு உருண்டை இல்லையே என்று கேட்கலாம். சரிதான், நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. துல்லியம் வேண்டுபவர்கள் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84 வடிவத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். வெறும் உருண்டை என்று வைத்துக்கொண்டு போட்டாலும் பிழை அரை சதவீதத்தைத் தாண்டாது. 10,000 கிலோமீட்டர் பயணத்தில் அது அதிகபட்சம் 50 கிலோமீட்டர், நாலு நிமிடம்கூட இல்லை. வெவ்வேறு இணையதளங்களில் ஒரே வழிக்குச் சற்று வேறுபட்ட தூரங்கள் இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம், கவலைப்பட வேண்டிய வித்தியாசம் இல்லை.

காற்றைத் தேடிப் போகும் விமானம்

நேரத்துக்கு வருவோம். இன்றைய பெரிய பயணிகள் விமானங்கள் ஒலியின் வேகத்தில் சுமார் 85 சதவீதத்தில் பறக்கின்றன. 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி அளவில் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கிலோமீட்டர் போல. ஆக விமானத்தின் வேகம் மணிக்கு 900. இது காற்றோடு ஒப்பிட்ட வேகம் என்பதை மறக்கக் கூடாது. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. தரையோடு ஒப்பிட்ட வேகம்தான் ஊர் போய்ச் சேரும் நேரத்தைத் தீர்மானிக்கும்.

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், துருவப் பக்கத்துக் குளிர்க்காற்றும் வெப்பமண்டலப் பக்கத்துச் சூட்டுக்காற்றும் சந்திக்கும் எல்லையில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு வேகமான காற்றோட்டம் பூமியைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடுகிறது. இதுதான் ஜெட் ஸ்ட்ரீம். இரண்டு பக்கத்து வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம். அதனால்தான் குளிர்காலத்தில் வலுவாகவும் கோடையில் தளர்ந்தும் இருக்கிறது. மணிக்கு 150, 200 கிலோமீட்டர் என்பது சாதாரணம், குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் 300ஐத் தாண்டுவதும் உண்டு. 1920களில் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி பலூன்களை மேலே விட்டு இந்தக் காற்றை அளந்தார். முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற, சிலரே படிக்கும் செயற்கை மொழியில் வெளியிட்டார், உலகம் கவனிக்கவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்க பி-29 விமானிகள் நேரிலேயே அதில் சிக்கித்தான் அதன் வலுவைத் தெரிந்துகொண்டார்கள்.

லண்டன் – நியூயார்க் தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். காற்றே இல்லை என்றால் மணிக்கு 900 வேகத்தில் 6 மணி 9 நிமிடம், இரு பக்கமும் ஒன்றுதான். மேற்கிலிருந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வையுங்கள். நியூயார்க்கிலிருந்து கிழக்கே வரும் விமானத்துக்குத் தரைவேகம் 1,050 ஆகிவிடும், 5 மணி 17 நிமிடத்தில் வந்துவிடும். எதிர்த்துப் போகும் விமானத்துக்குத் தரைவேகம் 750, ஆகும் நேரம் 7 மணி 23 நிமிடம். இரண்டு மணி நேர வித்தியாசம்! இதில் பலர் கவனிக்காத ஒன்று: போகும்போது இழந்ததை வரும்போது காற்று முழுதாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. காற்று இல்லாமல் போய்வர 12 மணி 19 நிமிடம், காற்றோடு 12 மணி 40 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரம்தான் இருக்கிறோம் என்பதால் கணக்கு எப்போதும் நமக்கு எதிராகவே முடியும்.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் வட அட்லாண்டிக்கை உலுக்கியபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனைத் தொட்டது. தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியை மிஞ்சவில்லை. சுற்றியிருந்த காற்றும் அதே திசையில் ஓடிக்கொண்டிருந்ததால், காற்றோடு ஒப்பிட்டால் வழக்கமான வேகம்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் தள்ளிவைத்துவிட வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்வதால்தான் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் எதிரே வந்துவிடும், அதனால் சீக்கிரம் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். பூமத்திய ரேகையில் நிலம் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது, விமானமோ 900இல் போகிறது. அந்த வாதம் சரியென்றால் கிழக்கே போகும் விமானம் ஊரை எட்டவே முடியாது. ஓடும் ரயிலுக்குள் முன்னும் பின்னும் நடப்பவருக்கு ரயிலின் வேகம் தெரியாதது போல, காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் விமானத்துக்கு அந்தச் சுழற்சி கணக்கில் வராது. நடைமுறையில் நடப்பது நேர் எதிர்: கிழக்கே போவதுதான் சீக்கிரம். சுழற்சியின் பங்கு மறைமுகமானது, அந்த மேல்காற்றைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிடுவதில்தான் அது இருக்கிறது.

ஆகவே விமான நிறுவனத்தின் வழித்திட்டப் பிரிவு தேடுவது குறைந்த தூரத்தை அல்ல, குறைந்த நேரத்தையும் குறைந்த எரிபொருளையும். டோக்கியோவிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் அலாஸ்காவின் உச்சிக்குப் போகாமல் தெற்கே இறங்கிப் பசிபிக் மேல் ஜெட் ஸ்ட்ரீமைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வரும்போது அதே காற்றுக்குப் பயந்து வடக்கே ஒதுங்கும். வட அட்லாண்டிக்கில் இது நாள்தோறும் நடக்கும் ஏற்பாடு. கனடாவின் கேண்டர், பிரிட்டன் பக்கத்து ஷான்விக் ஆகிய இரண்டு கட்டுப்பாட்டு மையங்களும் அன்றைய காற்றைப் பார்த்து வழித்தடங்களை வகுக்கின்றன. ஐரோப்பாவுக்குப் போகும் இரவு விமானங்களுக்கு ஒரு தொகுப்பு, அமெரிக்காவுக்குப் போகும் பகல் விமானங்களுக்கு வேறொரு தொகுப்பு. நேற்றைய வழி இன்றைக்கு இருக்காது.

இதன் உச்சம் சிங்கப்பூர் – நியூயார்க் விமானம். பெருவட்ட தூரம் 15,349 கிலோமீட்டர், இன்றைய நேரடிப் பயணிகள் சேவைகளில் மிக நீளமானது. நூல் வழி வட துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் போகும். ஆனால் நியூயார்க் போகும் விமானம் ஆண்டின் பல நாட்களில் ஜப்பானை ஒட்டிப் பசிபிக்கைக் கடந்து, 16,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, காற்றின் தயவில் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. திரும்பும்போது அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து வரும் நாட்களும் உண்டு. அப்படி அமைந்துவிட்டால் போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே, போய்வந்தவர் பூமியையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

திறந்த வானமும் மூடிய வானமும்

காற்று இயற்கை, அதைக் கணித்துவிடலாம். வான்வெளி அரசியல், அது ஒரே இரவில் மாறும். 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போரைத் தொடர்ந்து ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானை மூடின, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. ஹெல்சின்கி – டோக்கியோ தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். சைபீரியா வழியாக 9 மணி நேரம், ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த பயணம் 13 மணி நேரமாகிவிட்டது. பின்லாந்து நிறுவனமான ஃபின்னேரின் விமானங்கள் ஒன்று வட துருவத்தைச் சுற்றிப் போக வேண்டும், அல்லது தெற்கே இறங்கி மத்திய ஆசியா, சீனா வழியாகப் போக வேண்டும். 7,800 கிலோமீட்டர் வழிக்கும், தொடக்கத்தில் பார்த்த 10,900 கிலோமீட்டர் டோக்கியோ – நியூயார்க் வழிக்கும் இப்போது ஒரே 13 மணி நேரம்! தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்லும் கணிப்பான் இங்கே நாலு மணி நேரம் தவறும். ரஷ்ய வானைப் பயன்படுத்தத் தடையில்லாத சீன விமானங்கள் ஐரோப்பாவுக்குப் பழைய குறுக்கு வழியிலேயே போகின்றன என்பதால், ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே நிறுவனத்துக்கு நிறுவனம் நேரம் மாறுகிறது.

இது புதிதும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி மூடியிருந்தபோது ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போகும் விமானங்கள் துருவப் பக்கமாகப் போய் அலாஸ்காவின் ஆங்கரேஜில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. 1957இல் கோபன்ஹேகனிலிருந்து ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அந்த வழியைத்தான், அறுபத்தைந்து ஆண்டு கழித்து, வேறொரு விதத்தில் மறுபடி தேடிப் போக வேண்டியதாயிற்று.

அனுமதி இருந்தாலும் போகக் கூடாத இடங்கள் இருக்கின்றன. திபெத் பீடபூமி அதில் ஒன்று. உயரத்தில் பறக்கும்போது கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால், விமானி 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துக்கு வேகமாக இறக்கியாக வேண்டும். பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜன் பல விமானங்களில் கால் மணி நேரத்துக்குத்தான். திபெத்தின் தரையே சராசரியாக நாலரை கிலோமீட்டர் உயரம். இறங்க இடமே இல்லை. அதனால் அந்தப் பகுதி விமான வழிகளில் ஒரு பெரிய வெற்றிடமாகவே கிடக்கிறது, வழிகள் அதைச் சுற்றிப் போகின்றன.

பெருங்கடல்களுக்கு வேறு விதி. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மற்றொன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட முடிய வேண்டும். 1953இல் அமெரிக்காவில் அந்த வரம்பு 60 நிமிடம். 1985இல் 120 நிமிடத்துக்கு அனுமதி கிடைத்தது, அட்லாண்டிக் இரட்டை எஞ்சின் விமானங்களுக்குத் திறந்தது. இன்று ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி இருக்கிறது, அதாவது ஒற்றை எஞ்சினில் ஆறு மணி நேரத்துக்கும் மேல். எஞ்சின்கள் அவ்வளவு நம்பகமாகிவிட்டன. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கும் சிலி நாட்டின் சாண்டியாகோவுக்கும் நடுவே உள்ள வழியில் இதன் பொருள் தெரியும். 11,340 கிலோமீட்டர் நூல் வழி 61 டிகிரி தென் அட்சரேகையையும் தாண்டி அண்டார்டிகாவை நோக்கி இறங்குகிறது. நடுவில் ஒதுங்க ஒரு ஓடுபாதைகூடக் கிடையாது. வரம்பு குறுகலாக இருந்த காலத்தில் இரட்டை எஞ்சின் விமானம் அந்த வழியை நினைத்தும் பார்க்க முடியாது.

துருவ வழிகளில் இன்னொரு தொல்லை எரிபொருள். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். வெளியே மைனஸ் 65, 70 என்று போகும் குளிர்காலத்தில் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மணிக்கணக்கில் குளிர்ந்துகொண்டே வரும். வெப்பநிலை வரம்பை நெருங்கினால் விமானி வேகத்தைக் கூட்டுவார், காற்று உராய்ந்து இறக்கை சற்றுச் சூடாகும். அல்லது கீழே இறங்கிச் சூடான காற்றைத் தேடுவார். இரண்டுமே நேரக் கணக்கை மாற்றும்.

வேகத்தைக் கூட்டி நேரத்தைக் குறைத்தால் என்ன என்று கேட்பது இயல்பு. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு விமானம் அதைச் செய்தது. 1996 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 வினாடியில் வந்தது. 2003இல் நின்றுபோனது. ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறும், எரிபொருள் கொட்டும். அதனால்தான் 1958இல் சேவைக்கு வந்த போயிங் 707 காலத்திலிருந்து பயண வேகம் பெரிதாக மாறவில்லை. மாறியது வேகமல்ல, நிற்காமல் பறக்கும் தூரம். சிங்கப்பூர் – நியூயார்க் பறக்கும் ஏ350-900யுஎல்ஆர் 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் கொள்ளும். முழுதாக நிரப்பினால் அதிகபட்சப் புறப்பாட்டு எடையான 280 டன்னில் கிட்டத்தட்ட பாதி எரிபொருள்தான். முதல் சில மணி நேரம் எரியும் எண்ணெயில் ஒரு பெரும் பங்கு, பின்னால் எரியப்போகும் எண்ணெயைச் சுமப்பதற்கே போகிறது. அதன் விலையாக அந்த விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே.

டிக்கெட்டில் இருக்கும் நேரம்

டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் அல்ல. ஒரு ஊரின் கேட்டிலிருந்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, மறு ஊரின் கேட்டில் நிற்கும் கணம்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்குமுன் வானில் வட்டமிடுவது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம். பெரிய விமான நிலையங்களில் இதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். அதோடு நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. சொன்ன நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு. தாமதமாகக் கிளம்பிய விமானம் நேரத்துக்கு இறங்குவது விமானியின் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம், பல தடவை அது அட்டவணையிலேயே ஒளித்து வைத்த நிமிடங்கள்.

அட்டவணையும் ஆண்டுக்கு இரண்டு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் கோடைக்காலம், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் குளிர்காலம். காற்று மாறுவதால் ஒரே விமானத்துக்கு இரண்டு பருவத்திலும் வேறு வேறு நேரம் போட்டிருப்பார்கள்.

நீங்களே தோராயமாக மதிப்பிட வேண்டுமா? தூரத்தை 880ஆல் வகுத்து, முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பெர்த் – லண்டன் 14,499 கிலோமீட்டருக்கு இது 17 மணி நேரத்துக்குச் சற்று மேல் தரும், உண்மையும் அதை ஒட்டியே இருக்கிறது. மேற்கே நீண்ட தூரம் போவதானால் ஒரு மணி நேரம் கூட்டுங்கள், கிழக்கே போவதானால் அரை மணி நேரம் குறையுங்கள். வட, தென் திசையில் போகும் வழிகளுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். வான்வெளி மூடியிருக்கும் வழிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது.

புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் இருப்பதுதான் பலரைக் குழப்புவது. திங்கள் காலை 11 மணிக்கு டோக்கியோவில் கிளம்பி 12 மணி 45 நிமிடம் பறந்தால், குளிர்கால நியூயார்க்கில் இறங்கும்போது அதே திங்கள் காலை 9:45. கிளம்பிய நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது போல இருக்கும். திரும்ப திங்கள் மதியம் 1 மணிக்குக் கிளம்பி 14 மணி 30 நிமிடம் பறந்தால், டோக்கியோவில் செவ்வாய் மாலை 5:30. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் 28 மணி 30 நிமிடம். இதற்கு ஒரே வழி, இரண்டு நேரத்தையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிக்கொள்வது. டோக்கியோ நேரத்தில் 9 மணி கழியுங்கள், குளிர்கால நியூயார்க் நேரத்தோடு 5 மணி கூட்டுங்கள், அப்புறம் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். கோடையில் நியூயார்க் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுகிறது, ஜப்பான் தள்ளுவதில்லை. எனவே அந்த மாதங்களில் 5க்குப் பதில் 4.

நடுவில் ஒரு ஊர்

மிகத் தொலைவான ஊர்களுக்கு நேரடி விமானமே இருக்காது. அப்போது எங்கே மாறினால் சுற்று குறைவு? இங்கே உருண்டை நமக்கு ஓர் அருமையான சலுகை தருகிறது. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே தூரம் சுமார் 20,000 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. நேர் எதிர்ப்புறத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு எந்தத் திசையில் போனாலும் அதே 20,000தான். ஆகவே ஊர்கள் அந்த எல்லையை நெருங்க நெருங்க, சுற்றிப் போவதன் நஷ்டம் குறைந்துகொண்டே வரும்.

லண்டன் – சிட்னி நேர் தூரம் சுமார் 17,020 கிலோமீட்டர். சிங்கப்பூரில் மாறினால் 10,880ம் 6,300ம் சேர்ந்து 17,180. கூடுதல் வெறும் 160 கிலோமீட்டர், பத்துப் பதினொரு நிமிடம். துபாயில் மாறினால் 5,500ம் 12,040ம் சேர்ந்து 17,540. பெர்த் வழியாக 17,780 அளவில் வரும். வரைபடத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் மூன்று ஊர்கள், மூன்றுக்கும் நடுவே வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. டோக்கியோ – நியூயார்க் போன்ற நடுத்தரத் தூர வழியில் இப்படிச் சுற்ற முடியாது. அங்கே தவறான ஊரில் மாறினால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஏறிவிடும்.

ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் 2019இல் சோதனைக்காக லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் ஒரு விமானத்தை ஓட்டிப் பார்த்தது. 19 மணி 19 நிமிடம் ஆனது. இதற்கென்றே வடிவமைத்த ஏ350-1000 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறது. அந்தச் சேவை மிச்சப்படுத்தப்போவது தூரத்தை அல்ல, நடுவில் இறங்கி ஏறும் நேரத்தை. ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், மாறும் ஊரில் காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால் குறைந்தபட்சம் இரண்டு, மூன்று மணி நேரம். அதனால் இரண்டு டிக்கெட்டுகளை ஒப்பிடும்போது மொத்த நேரத்தையும் வழியையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், மாறும் ஊரில் எவ்வளவு நேரம் என்பதைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வழிகளில் ஒன்று நாலு மணி நேரம் கூடுதலாக இருந்தால், அந்த நாலு மணி நேரத்தில் பெரும்பகுதி தரையில்தான் இருக்கும். அதே ஊரில் அடுத்த விமானத்தை வேறு நேரத்துக்கு மாற்றிப் போட்டாலே அது பாதியாகக் குறைய வாய்ப்பு உண்டு. அதே நேரம் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு நீண்ட விமானங்களைக் கோத்துவிடாதீர்கள். முதல் விமானம் எந்த நேரத்தில் இறங்கும் என்பதை அன்றைய எதிர்காற்றும் முடிவு செய்யும்.